முகமூடிக்காரன் சிரித்தார்

6.12.80, சனி

விடியலிலிருந்து மழை. இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும் விடமாட்டேன். முதல் பக்கத்திலேயே வெட்கமானது வந்துவிட்டது.

இன்று ஒரு எழுத்தால் தோற்றேன். "ன்" போட வேண்டிய இடத்தில் "ர்" போட்டேன்.

சரியாகத் தொடங்குகிறேன். சின்ன மாமா கப்பலில் இஞ்சினியர். போன வருடம் சீமையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து "பிள்ளைகளுக்கு" என்று கொடுத்தார். பிள்ளைகள் என்றால் அண்ணாவும் நானும். உள்ளே மெல்லிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, விசித்திரமான தாயக்கட்டைகள் சில. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம்கூட. அண்ணா திறந்து பார்த்து, "இதென்ன விளையாட்டு, பலகையும் இல்லை, காயும் இல்லை" என்று கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். நான் அகராதியை வைத்துக்கொண்டு முழுதும் வாசித்தேன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "வாசலில் நாய் நிக்குது, என்ன செய்யிறாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். "கல்லெறியிறன்" என்றால் கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கல் படும். சின்ன எண் விழுந்தால் நாய் கடிக்கும். 

புத்தகத்தில் கொடுத்திருந்த கதை குகையும் புதையலும். பிடிக்கவில்லை. நானே ஒரு ஊர் கட்டினேன். பெயர் சங்குத்துறை. மலைகளுக்கு நடுவே ஒரு துறைமுகம். எங்கள் ஊர் மாதிரி, ஆனால் எங்கள் ஊர் இல்லை. அங்கே முகமூடி போட்ட ஒரு ஆள் பாறை உச்சியில் பொய் விளக்குக் காட்டுகிறான். அதை வெளிச்சவீடு என்று நம்பி வரும் கப்பல்கள் பாறையில் மோதி உடைகின்றன. அந்த ஆள் யார்? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். புரட்டாசியில் தொடங்கிய கதை.

விளையாடுகிறவர்கள்:

ரிஸானா. என் வகுப்பு. வாப்பாவுக்குப் புடைவைக் கடை. கதையில் சுழியோடி, கடலுக்குள் மூழ்குகிறவள். அவளுடைய தகப்பன் வந்த கப்பல் அந்தப் பாறையில்தான் உடைந்தது, ஆள் திரும்பவில்லை.

புஷ்பம். முன்வீடு. கதையில் ஐஸ் வண்டி தள்ளுகிறவள். எந்த நேரமும் வாயில் ஏதாவது. இன்று கச்சான்.

அண்ணா. ஏ.எல். வகுப்பு, கணக்குப் படிக்கிறார். மைதானத்தில் வெள்ளம், பந்தடிக்க ஏலாது, அதனால் போன மாதம்தான் வந்து சேர்ந்தார். கதையில் சுங்க உத்தியோகத்தர். கண்டவரையெல்லாம் சோதனை போடுவார்.

நான் கதைக்காரி. எனக்குப் பிரம்புக் கதிரை, மற்றவர்களுக்குப் பாய். என் கட்டையை ஒருவரும் பார்க்காமல் இருக்க முன்னால் ஒரு கலண்டர் மட்டை.

இன்று பாறை உச்சி. அண்ணாவின் சுங்கக்காரன் பற்றைக்குள் ஒளிந்திருந்து பார்க்கிறான். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "முகமூடிக்காரன் விளக்கைத் தூக்கினான். திரும்பிப் பாத்தான். பிறகு மெல்லமாச் சிரிச்சார்."

அண்ணா கையைத் தூக்கினார்.

"என்ன சொன்னனீ?"

"சிரிச்சான்."

"இல்லை. சிரிச்சார் எண்டனீ."

"வாய் தடுமாறிட்டுது."

"கள்ளனுக்கு ஏன் மரியாதை? வெளிச்சவீட்டு மிக்கேல் வந்தான். ஐஸ் முதலாளி போனான். இன்ஸ்பெக்டர்கூட ஏசினான். இந்த ஊர் முழுக்க நீ ரண்டே பேருக்குத்தான் 'ர்' போடுறனீ. ஒண்டு கோயில் ஐயர். அவர் செத்துப்போனார்."

புஷ்பம் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மற்றது டொக்டர்," என்றார் அண்ணா.

டொக்டர்தான். உடைந்த கப்பல்காரருக்குக் காசு வாங்காமல் மருந்து கட்டுகிற, ஊரே கும்பிடுகிற டொக்டர். கதையில் மற்ற எல்லாரையும் அவன் இவன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டொக்டரை மட்டும் "வந்தான்" என்று சொல்ல வாய் வராது. காய்ச்சலுக்கு ஊசி போடுகிறவரை எப்படிச் சொல்வது? நான் கொடுத்த மரியாதை முகமூடிக்குள்ளும் கூடவே போய்விட்டது.

"ஓமோ இல்லையோ? சொல்லு."

நான் கலண்டர் மட்டையை நேராக்கினேன்.

"நான் சொன்னது சரியெண்டா கதை முடிஞ்சுது. கதிரை எனக்கு. அடுத்த கதை நான் சொல்லுறன்."

"சரி! செவ்வாய்க்கிழமை பதில் சொல்லுறன்."

ஏன் "சரி" என்றேன்? ரோஷம். சொன்னது சொன்னதுதான்.

ரிஸானா குடையை எடுத்துக்கொண்டு உடனே போய்விட்டாள். போன மாதம் அவளுடைய சுழியோடிக்குக் காலில் விஷமுள் ஏறியபோது காலை வெட்டாமல் காப்பாற்றியவர் டொக்டர்.

குசினியிலிருந்து அம்மா: "டொக்டரையே கள்ளனாக்கினனீ? ஊரில வேற ஆள் கிடைக்கேல்லையே?"

7.12.80, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. கடல் கொந்தளிப்பு, மூதூர் லோஞ்சு ஓடவில்லையாம். சந்தையில் மீன் இல்லை, கருவாட்டுக் குழம்பு. கோட்டைப் பக்கத்து மான் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் வந்து புஷ்பத்தின் வீட்டு முருங்கையைக் கடித்துவிட்டுப் போனது.

தலை இடிக்கிறது. அழவில்லை. அழுதேன் என்று அண்ணா சொன்னால் பொய்.

செவ்வாய் வரவில்லை, அதற்குள் கதிரையில் அவர். கால் இரண்டும் நீட்டியபடி.

"எழும்பு!" என்றேன்.

அம்மா: "அண்ணாவை எழும்பு எண்டு சொல்லுறதோ?"

"எழும்புங்கோ," என்றேன்.

கோபம் வந்தாலும் "ங்கோ" போட வேண்டியிருக்கிறது. அண்ணா சிரித்துக்கொண்டே எழும்பினார். அதுதான் இன்னும் எரிகிறது.

பின்னேரம் புஷ்பம் வந்தாள். வாயில் புளிப்பு இனிப்பு.

"ஆளை மாத்தன்."

"எப்பிடி?"

"டொக்டர் இல்லை, வலை பின்னுற செல்லம்மா எண்டு சொல்லு. நீ எங்கயும் எழுதி வைச்சனியோ?"

எழுதவில்லை. என் தலைக்குள் மட்டும்தான். "அண்ணா, பிழை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதிரை என்னுடையது. ஒருவருக்கும் தெரியவராது. புத்தகத்திலும் கதை சொல்பவர் இன்னும் சொல்லாததை மாற்றலாம் என்றுதான் இருக்கிறது.

சோதித்துப் பார்த்தேன். செல்லம்மாவை முகமூடிக்குள் போட்டு, இதுவரை கொடுத்த தடயங்களை ஒவ்வொன்றாக:

பொய் விளக்கில் எண்ணெய் மணம் இல்லை, ஆஸ்பத்திரி ஸ்பிரிட் மணம். செல்லம்மாவிடம் ஸ்பிரிட் ஏது?

பாறையில் கிடந்த வெள்ளைத் துணி நாடா. வலைக்காரி கயிறு எல்லோ வைத்திருப்பாள்.

கப்பல் உடைந்தால் ஊரில் முதலில் எழும்பி வருகிறவர் டொக்டர். எப்போதும் சப்பாத்தோடு. படுத்திருந்த ஆளின் காலில் சப்பாத்து ஏது? 

மூன்றும் கெட்டுப்போகும். அந்த ஸ்பிரிட் மணத்தை ரிஸானா சும்மா பெறவில்லை. பாறையில் தவழ்ந்து போய், இருபது முகக் கட்டையை உருட்டி, பத்தொன்பது விழுத்தி எடுத்தாள். அன்றைக்கு அவள் குதித்த குதியில் அப்பா பத்திரிகையை இறக்கிப் பார்த்தார். ஆளை மாற்றினால் அவள் கண்டுபிடித்தது பொய். நான் வெல்ல அவளை ஏமாற்றவா?

மாட்டேன். டொக்டர் டொக்டர்தான்.

"அப்ப கதிரை போகும்," என்றாள் புஷ்பம்.

"போகட்டும்."

"கதையும் போகும்."

கதையை விடமாட்டேன். அண்ணா மாதக்கணக்கில் கட்டிலுக்குக் கீழே தூசிபடிய விட்ட பெட்டி. ஊரைக் கட்டினது நான். ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊரையே கொண்டுபோக விடுவேனா?

8.12.80, திங்கள்

மழை கொஞ்சம். அம்மாவுக்கு இருமல், கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்பர் துண்டு எடுத்து, மர வாங்கில் குந்திக் காத்திருப்பு. பக்கத்தில் இரண்டு பெண்கள், உப்புவெளிக்காரர்.

"நாலு நாளாக் கடலுக்குப் போகேல்லை."

"சும்மா இருந்தா இவங்களுக்குச் சண்டை பிடிக்கத்தான் தெரியும்."

திடீரென்று அவர்கள் பேச்சு நின்றது. உள்வாசலால் டொக்டர் வந்தார். (எங்கள் ஊர் டொக்டர். நல்ல மனிதர். கதையில் வருகிறவர் இவர் இல்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.) எல்லாரும் எழும்பினார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, நேரே அறைக்குள் போனார். ஆனால் மடித்துக் கட்டியிருந்த சாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கின. ஒரு கிழவர் சுருட்டை உள்ளங்கைக்குள் மறைத்து, சுட்டதில் முகத்தைச் சுளித்தார். அப்படியும் கையை விரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரே குடைக்குள் அம்மாவும் நானும்.

"அம்மா, இந்த டொக்டர் பாறையில நிண்டு பொய் விளக்குப் பிடிச்சுக் கப்பல் உடைக்கிறவர் எண்டு நான் சொன்னா நம்புவீங்களோ?"

"உனக்கென்ன விசரோ?"

"என்ர கண்ணால கண்டனான் எண்டா?"

"கண்ணில என்னவோ பிழையெண்டு அவரிட்டயே திருப்பிக் கூட்டிக்கொண்டு போவன். மழை படுது, உள்ளுக்கு வா."

நடு வீதியில் நின்றுவிட்டேன். குடை அம்மாவோடு போய்விட்டது. முழுக்க நனைந்தேன்.

அதுதான்! அண்ணா ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். சரி. சங்குத்துறையில் அதை யார் நம்புவார்கள்? "சிரிச்சார்" என்றது அண்ணாவின் காதில் விழுந்தது. பற்றைக்குள் இருந்த சுங்கக்காரனுக்கு அது கேட்கவில்லை. அவன் கண்டது ஒரு முகமூடியை மட்டும்.

இன்னொன்றும் தோன்றியிருக்கிறது. அதை நாளைக்குச் செய்துவிட்டு எழுதுவேன்.

தும்மல். மல்லித்தண்ணி. அம்மாவுக்கு எடுத்த மருந்தில் எனக்கும் ஒரு கரண்டி.

9.12.80, செவ்வாய்

வெயில்! துறைமுகத்தில் கப்பல் ஊதினது இரண்டு தரம் கேட்டது. அப்பா கந்தோர் வேலைக்கு நேரத்தோடு போய்விட்டார்.

ரிஸானா வருவாளோ என்று பயம். வந்தாள். பாயின் ஓரத்தில் இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. புஷ்பம், அவித்த கடலை.

நான் கதிரையில் இருந்தபடி சொன்னேன். "ஓம். டொக்டர்தான்."

அண்ணா கை தட்டினார். புஷ்பம் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

எழும்பினேன். "கதிரை உங்கட. இருங்கோ. ஆனா நீங்கள் ஆளைத்தான் கண்டுபிடிச்சனீங்கள், கதையை இல்லை. இந்தக் கதையை முடிச்சுப்போட்டு மற்றதைத் தொடங்குங்கோ."

"இதில முடிக்க என்ன கிடக்கு? பொலிஸ் வந்துது, டொக்டரைப் பிடிச்சு மறியலில போட்டுது. முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?" ரிஸானா முதல் தடவையாக வாய் திறந்தாள். "நான் இன்னும் ஒண்டும் செய்யல்லயே."

நான் போய்ப் பாயில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். "கட்டை உருட்டாமல் ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. அது முதல் பக்கத்திலயே கிடக்கு. இனி நானும் விளையாடுறன். நான்தான் டொக்டர்."

"அதெப்பிடி? கள்ளனை நீ விளையாட ஏலாது."

"எந்தப் பக்கத்தில ஏலாது எண்டு கிடக்கு? காட்டுங்கோ."

அண்ணா புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாளும் வாசித்ததில்லை. எனக்குத் தெரியும், அப்படி ஒரு பக்கம் இல்லை.

"சரி," என்று புத்தகத்தை மூடினார். குரலைத் தடிப்பாக்கி, "இன்ஸ்பெக்டர் வந்திட்டார். டொக்டர், உங்களைக் கைது செய்ய வந்திருக்கிறன்."

"இருங்கோ இன்ஸ்பெக்டர். மகளுக்கு இப்ப இழுப்பு எப்பிடி?"

"எந்த மகள்?"

"உங்கட மகள். ஐப்பசி மழையில மூச்செடுக்க ஏலாமல் கிடந்த பிள்ளை. மூண்டு நாள் பக்கத்தில இருந்து பாத்தனான்."

"அதெல்லாம் எப்ப நடந்தது?"

"நடந்தது அண்ணா," என்றாள் புஷ்பம். "நீங்கள் அப்ப பந்தடிக்கப் போனனீங்கள். நான்தான் அந்தப் பிள்ளைக்கு ஐஸ் கொண்டுபோய்க் குடுத்தனான்."

நான் விடவில்லை. "அந்தப் பிள்ளையைக் காப்பாத்தின ஆளை, ஒரு சுங்கக்காரன் சொன்னான் எண்டு இன்ஸ்பெக்டர் கொண்டுபோவாரோ? சாட்சி என்ன? நீங்கள்தான் இப்ப கதைக்காரன். நியாயமாச் சொல்லுங்கோ."

"சாட்சி..." அண்ணா காதைச் சொறிந்தார்.

"ஒரு 'ர்'!" என்றாள் புஷ்பம். கடலை மூக்கில் ஏறிவிட்டது. முதுகில் தட்ட வேண்டியிருந்தது. ரிஸானாவும் சிரித்துவிட்டாள்.

அண்ணாவைப் பற்றி ஒன்று எழுதத்தான் வேண்டும். கெட்டித்தனம் அதிகம், வாயும் அதிகம். ஆனால் கணக்கில் பிழை என்றால் பிழை என்று ஒத்துக்கொள்வார். கடைசியில் சொன்னார். "கொண்டுபோகமாட்டார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர் எண்டு தொப்பியைக் கழட்டிப்போட்டுப் போறார்."

அவர் தன் வாயாலேயே சொன்னார்! 

பிறகு ரிஸானாவின் முறை. என் பக்கம் திரும்பி இருந்தாள்.

"நான் காலுக்கு மருந்து கட்ட வாறன்."

"வாரும் மகள். இதில இரும்."

உண்மையாகவே காலை நீட்டினாள். என் கைக்குட்டையால் கட்டுப் போட்டேன். கட்டி முடிந்ததும் கேட்டாள்.

"டொக்டர், எங்கட வாப்பாட கப்பலையும் நீங்கதானா?"

இதற்கு நான் ஆயத்தம் செய்யவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள், டொக்டரை இல்லை. இல்லையென்று சொல்லியிருக்கலாம். டொக்டர் பொய் சொல்வார்தானே? ஆனால் அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, இந்த ஆள் இவளிடம் பொய் சொல்லமாட்டார்.

"ஓம் மகள். அந்தக் கப்பலில வந்த மருந்துப்பெட்டி இல்லாட்டி உமக்கு இண்டைக்கு இந்தக் கால் இல்லை. இந்த ஊருக்கு ஆரும் மருந்து அனுப்புறதில்லை. கடல்தான் அனுப்புது."

புஷ்பம் "ஐயோ" என்றாள். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

அண்ணா கட்டையை நீட்டினார். "ரிஸானா, உருட்டு. அடிக்கிறியோ, கத்துறியோ, என்ன செய்யிறாய்?"

"உருட்ட வேணாம்," என்றாள். "எழும்புறன். நாளைக்கும் மருந்து கட்ட வருவன் எண்டு சொல்லிட்டுப் போறன்."

கட்டை உருட்டாமல் இப்படி ஒரு அடி இருக்கிறது என்று புத்தகத்திலும் இல்லை.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள். "யமுனா, நீ ஆள மாத்தியிருந்தா உன்னோட கதைச்சே இருக்கமாட்டன் புள்ள."

கைக்குட்டையைத் திருப்பித் தரவில்லை.

10.12.80, புதன்

காற்று, மழை இல்லை. சட்டைகள் ஒருவழியாய்க் காய்ந்தன. உவர்மலைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அப்பா. புதுச் சட்டை தைப்பதா என்று அம்மா. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

ரிஸானாவும் புஷ்பமும் சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்தார்கள். என்னோடு கதைக்கவில்லை. நேரே குசினிக்குள். நான் போனால் புஷ்பம் கதவடியில் நின்று, "டொக்டர் இஞ்ச வரக்கூடாது" என்று மறித்தாள். என் வீட்டுக் குசினி!

கதவுக்கு வெளியே நின்று கேட்டது:

"இன்ஸ்பெக்டர்ர பெண்சாதியிட்ட முதல்ல போவம்."

"அவ நம்பமாட்டா."

"நம்பத் தேவையில்ல. ஸ்பிரிட் போத்தல மணந்து பாக்கச் சொல்லுவம்."

பிறகு அம்மாவின் குரல். "அந்தாளின்ர சப்பாத்தைப் பாருங்கோ பிள்ளையள். பாறைச் சேறு லேசில போகாது."

அந்தாளாம்! அம்மாவும் அவர்கள் பக்கம்.

இன்றைய ஆட்டம் நாலு மணியிலிருந்து அப்பா வரும்வரை. இரண்டு தரம் பிடிபடப் பார்த்தேன். ஒருதரம் ஊர்ச்சனமே வந்து வாசலில் நின்று எனக்காகக் கதைத்தது. அது எல்லாம் அண்ணாவின் குரல்: ஒரு கிழவி, ஒரு கடைக்காரன், திக்குவாய் மீனவன் ஒருவன். நல்லாகத்தான் செய்கிறார். சொல்லவில்லை. ரிஸானா டொக்டரின் சேற்றுச் சப்பாத்தை எடுத்துவிட்டாள். பதினேழு. கட்டை நின்றதும் எங்கள் நாலு பேரின் தலையும் மோதிக்கொண்டது. விடிந்தால் ஊர்க்கூட்டம். சப்பாத்து ரிஸானாவின் கையில். டொக்டருக்குத் தெரியும்.

இவ்வளவும் நடந்தது அந்த ஆள் யாரென்று தெரிந்த பிறகு. கதை முடிந்ததாம்!

சாப்பிட்டு முடிய அண்ணா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கணக்குப் புத்தகம் கையில், விரல் நடுவில், ஆனால் வாசிக்கிற ஆள் மாதிரி இல்லை.

"நாளைக்கு டொக்டர் கூட்டத்துக்கு வருவாரோ?"

"வந்தா பாருங்கோ."

"ஓடுவாரோ? படகு வைச்சிருக்கிறாரோ?"

"கதைக்காரன் நீங்கள். என்னட்டக் கேக்கிறியள்?"

"இல்லை, நான் ஊர்ச்சனத்தை ஆயத்தப்படுத்த வேணும் எல்லோ." கதவடிவரை போய்த் திரும்பி வந்தார். "இஞ்ச பார். கதிரையை நீயே எடு. நாளைக்கே எடு. டொக்டர் என்ன செய்யப்போறார் எண்டு மட்டும் சொல்லு."

கதிரை! நாலு நாளாக அதுதான் என் நெஞ்சுக்குள். கையை நீட்டினால் போதும்.

"மாட்டன்," என்றேன். "கண்டுபிடியுங்கோ."

"சொல்லடி."

"கண்டுபிடியுங்கோ அண்ணா. கெட்டிக்காரன்தானே நீங்கள்."

அவர் இன்னும் படுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்கிறது. நடக்கட்டும்.

டொக்டர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. ரிஸானா சப்பாத்தைத் தூக்கிக் காட்டுவாள். ஊர் முழுக்க அவரைப் பார்க்கும். அவர் எழும்பி, முதலில்

அப்பா லைற்றை அணைத்துவிட்டார்.